எதிர்ப்பொருள் எதைக் கண்டு அறிகிறது?



வட ஐரோப்பிய நாடுகளில் இளவேனிற்காலத்தில் பிர்ச் மரம் பூக்கிறது. அதன் மகரந்தம் காற்றில் பரவும்போது பலர் ஓயாது தும்முகின்றனர். வியப்பு யாதெனில், அவர்களுள் பலருக்குச் சமைக்காத ஆப்பிளைக் கடித்தவுடன் உதடும் நாவும் தொண்டையும் அரிக்கின்றன. பிர்ச் ஒரு தாவரக் குடும்பம். ஆப்பிள் வேறொரு குடும்பம். பின் இரண்டுக்கும் உறவு எங்ஙனம் வந்தது?

நம் குருதியில் இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருள் உண்டு. 1960களின் பிற்பகுதியில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் ஆகியோரும் இதனைக் கண்டறிந்தனர். இது மாஸ்ட் செல்களின் மேல் அமர்ந்து காத்திருக்கும். ஒரே புரதத்தை இரண்டு எதிர்ப்பொருள்கள் சேர்ந்து பற்றினால், அச்செல்கள் ஹிஸ்டமினை வெளியிடும். அதன் விளைவே அரிப்பும் வீக்கமும்.

பிர்ச் மகரந்தத்தில் ஒவ்வாமையை விளைப்பது 'பெட் வி 1' என்னும் புரதம். அது 159 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. ஆப்பிளில் உள்ள 'மால் டி 1' அதற்கு இனமான புரதம். அமினோ அமிலங்களுள் பாதிக்கு மேல் இரண்டிலும் ஒன்றே. எனினும் எதிர்ப்பொருள் சங்கிலி முழுவதையும் படிப்பதில்லை. மடிந்து உருண்ட புரதத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 15 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதியையே தொட்டு அறிகிறது. சங்கிலியில் தொலைவில் நின்றவை, மடிப்பினால் அங்கே அண்டை வீட்டாராகின்றன. அப்பகுதியின் வடிவமும் மின்னேற்றமும் ஒத்திருந்தால் போதும். எதிர்ப்பொருள் மரத்தின் பெயரையோ குடும்பத்தையோ கேட்பதில்லை.

ஆப்பிளை வேகவைத்தால் மடிப்பு குலைகிறது; அப்பகுதியும் சிதைகிறது. ஆகவேதான் அவர்களுள் பலர் வெந்த ஆப்பிளைத் தீங்கின்றி உண்கின்றனர். ஆனால் வேர்க்கடலையின் 'அரா ஹெச் 2' புரதம் கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டது. வெப்பத்திற்கு எளிதில் தளராது. ஒன்றுக்கு உரிய விதியை மற்றொன்றுக்குப் பொருத்துதல் உயிருக்கே ஊறு விளைக்கும்.

இளைஞர்களே! இதிலிருந்து நாம் கொள்ளவேண்டியவை இரண்டு. முதலாவது, சோதனையில் எதிர்ப்பொருள் தென்பட்டது என்பதாலேயே நோய் உண்டென்று ஆகாது. இனமான புரதத்தை எதிர்ப்பொருள் பற்றினாலும், உடலில் யாதொரு துன்பமும் தோன்றாதிருக்கலாம். தீங்கின்றி உண்டு வரும் உணவைச் சோதனைத் தாள் ஒன்றைக் கண்டு அஞ்சி, குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிடுதல் தகாது. மருத்துவரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, உணவு உண்டபின் மூச்சுத் திணறலோ மயக்கமோ நேர்ந்தால் கைவைத்தியத்தில் காலம் போக்கலாகாது. அட்ரினலின் ஊசியே அப்போது முதல் மருந்து. உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

25 ஆண்டுகளாக நம் சங்கம் ஏற்றிவரும் கல்வி விளக்கு, தேர்வுக்கு மட்டுமன்று. 'ஏன்' என்று கேட்கும் துணிவுக்கும் ஒளி தருதல் வேண்டும். நம் பிள்ளைகள் உயிர்வேதியியலும் மருத்துவமும் பயின்று, இத்தகைய வினாக்களுக்கு விடை காண முன்வருக என வேண்டி அமைகிறோம்.