பிரெஞ்சில் ‘வந்திருப்பேன்’

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுள் மாலை வகுப்புகளில் பிரெஞ்சு பயில்வோரும் இருப்பீர்கள். இறந்தகால நிபந்தனை வினை கண்டு மிரள வேண்டுவதில்லை. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பது அம்மொழியில் ‘ஸி ழாவே ஸ்யு, ழ ஸெரே வெனு’ ஆகும். ‘வெனு’ என்பது ‘வா’ வினையின் இறந்தகால எச்சம். ‘ஸெரே’ என்பது ‘இரு’ என்னும் துணைவினையின் நிபந்தனை வடிவம். நமது ‘வந்து இருப்பேன்’ போன்றதே. வா, போ முதலிய சில வினைகளுக்கே இத்துணை. பெரும்பாலானவை, உடைமைப் பொருள் தரும் ‘அவ்வார்’ வினையைத் துணையாகக் கொள்ளும்: ‘ழோரே பர்லே’, பேசியிருப்பேன். ‘ஸி’ தொடங்கும் பகுதியில் மட்டும் நிபந்தனை வடிவம் வாராது. ‘ஆல்’ விகுதியின் வேலையை அங்கே ‘ஸி’ செய்துவிடுகிறது.

உண்மையான இடர் செய்தித்தாளில் உள்ளது. ‘ல மினிஸ்த்ர் ஓரே தெமிஸியோனே’ என்னுமிடத்தில் நிபந்தனையே இல்லை. ‘அமைச்சர் விலகியதாகச் சொல்லப்படுகிறது, நாம் பொறுப்பல்லோம்’ என்பதே கருத்து. நாம் ஒருமுறை ‘விலகிவிட்டார்’ என்றே மொழிபெயர்த்து அனுப்பினோம். கோப்பு மேலிடத்திற்குச் சென்ற பின்னரே ஐயம் பிறந்தது. நாற்பது வயதில் மாடிப்படிகளில் ஓடியது அன்றுதான்! கோப்பை மீட்டுத் திருத்தினோம். மறுநாளும் அவ்வமைச்சர் பதவியிலேயே இருந்தார்.