திசுவில் உலோகத்தை அளத்தல்

காளிகாட் என்றதும் காளி கோயிலே பலருக்கு நினைவுக்கு வரும். கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில், ஹாஸ்ரா பகுதியில், சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. அதன் முன்னோடியான சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்து வைத்தவர் பிரெஞ்சு அறிவியலறிஞர் ஐரீன் ஜோலியோ-கியூரி. அதே மாதத்தில், அதே நகரில், மேகநாத சாஹா நிறுவிய அணுக்கரு இயற்பியல் நிலையத்தையும் அவரே திறந்து வைத்தார். ஒன்று நோயாளிக்காக எழுந்தது. மற்றொன்று அணுவை ஆராய எழுந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று நாடி நிற்கும் துறைகளுள் ஒன்று, திசுவில் உள்ள உலோகங்களை அளக்கும் பணி.

உலோகமும் கதிரும்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள இரும்பு ஏறத்தாழ 4 கிராம். துத்தநாகம் 2 கிராம். செம்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. மாங்கனீஸ் அதனினும் குறைவு. அளவு சிறிதாயினும் இவற்றின் பணி பெரிது. கதிர்வீச்சு திசுவில் பாயும்போது அங்குள்ள நீர் மூலக்கூறுகள் சிதைந்து, வீரியம் மிக்க தனி உறுப்புகள் தோன்றுகின்றன. இவை உயிரணுவின் மரபுப் பொருளைத் தாக்குகின்றன. இத்தாக்குதலைத் தணிக்கும் நொதிகளுள் ஒன்று சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். அதன் ஒரு வகையில் செம்பும் துத்தநாகமும், மற்றொரு வகையில் மாங்கனீசும் அடங்கியுள்ளன. எனவே, ஒரே அளவு கதிருக்கு ஒரு திசு அழிவதும் மற்றொன்று தாங்குவதும் ஏன் என ஆராய்வோர், அவற்றிலுள்ள உலோகத்தின் அளவையும் அறிய வேண்டியுள்ளது.

வெளியிலிருந்து செலுத்தப்படும் உலோகங்களும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சையுடன் பிளாட்டினம் அடங்கிய சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்த்து அளித்தால் உயிரிழப்பு குறைகிறது என்பதை 1999இல் வெளியான ஆய்வுகள் காட்டின. தங்கத்தின் நுண்துகள்களைச் செலுத்தி எக்ஸ்-கதிர் பாய்ச்சிய எலிகளில் 86 விழுக்காடு ஓராண்டு உயிர் வாழ்ந்தன. எக்ஸ்-கதிர் மட்டும் பெற்றவற்றில் 20 விழுக்காடே வாழ்ந்தன என 2004இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. செலுத்திய உலோகத்தில் கட்டியை அடைந்தது எவ்வளவு, நலமான உறுப்புகளில் தங்கியது எவ்வளவு? இதற்கு விடை காணாமல் இத்தகைய முறையை மனிதரிடம் கையாள்வது தகாது.

அளக்கும் முறைகள்

கதிரியக்கத்தைச் செயற்கையாக உண்டாக்கலாம் என 1934இல் ஐரீனும் அவர் கணவர் பிரெடெரிக்கும் கண்டறிந்தனர். அதன் வழியில் 1936இல் ஹெவெசியும் ஹில்டே லெவியும் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வைத் தொடங்கி வைத்தனர். திசுத்துண்டை அணு உலையில் வைத்தால் அதிலுள்ள பல தனிமங்கள் கதிரியக்கம் பெறுகின்றன. அவை வெளிவிடும் காமா கதிர்களின் ஆற்றலைக் கொண்டு இன்ன தனிமம் என்பதும், எண்ணிக்கையைக் கொண்டு இவ்வளவு என்பதும் புலனாகும். அணு உலை இல்லாத இடங்களில் வேறு வழி உண்டு. திசுவை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் சுடரில் தூவி, குறிப்பிட்ட உலோகத்திற்குரிய ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது எனக் காணலாம்.

பிழை புகும் இடங்கள்

இங்கு அளக்கப்படுவது பெரும்பாலும் பத்து லட்சத்தில் சில பங்குகளே. எஃகுக் கத்தியால் வெட்டினால் குரோமியமும் நிக்கலும் திசுவில் ஒட்டிக்கொள்ளக்கூடும். கழுவப்படாத இரத்தம் இரும்பின் அளவை உயர்த்திக் காட்டும். மென்திசுவில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் நீரே இருப்பதால், ஈர எடையில் கணக்கிட்டதா, உலர் எடையில் கணக்கிட்டதா எனக் குறிக்காத எண் பயனற்றது. கட்டியில் ஓர் உலோகம் மிகுந்து காணப்பட்டால், அதுவே நோயின் காரணம் என முடிவு கட்டவும் இயலாது. அது நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

ஆதலால் ஓர் ஆய்வுக்கூடத்திற்கு விலையுயர்ந்த கருவி மட்டும் போதாது. தூசியற்ற அறை, தூய அமிலம், உலோக அளவு முன்பே உறுதி செய்யப்பட்ட ஒப்பீட்டுத் திசுப்பொடி, பயிற்சி பெற்ற கை ஆகியவையும் வேண்டும். திட்ட மதிப்பீடு தயாரிக்கும் அலுவலர்கள் கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே இவற்றிற்கும் ஒதுக்க வேண்டும்.

கதிர்களிடையே வாழ்நாளைச் செலவிட்ட ஐரீன் 1956இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அவர் திறந்து வைத்த இரு நிலையங்களும் வளர்ந்து நிற்கின்றன. மருத்துவர் தரும் திசுவை இயற்பியலர் பிழையின்றி அளந்து தரும்போதே, அடுத்த நோயாளிக்குரிய சிகிச்சை ஊகத்தை விட்டு அறிவின் வழி நடக்கும்.