மந்தை இல்லை, மக்கள்

(கிராம ஊழியத்துக்குப் போகும் இளம் போதகர்களிடம் படவேட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம உட்கார்ந்திருக்கிற படவேடு, ரேணுகாம்பாள் ஊரு. கதை உங்களுக்குத் தெரியும். பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். மறுபடி உயிர் வந்தபோது அந்தத் தலை ஒரு சேரிப் பெண்ணின் உடம்பில் ஒட்டிக்கொண்டது என்று நம்ம சனங்க சொல்லும். கும்பிடறது தலையை. உழைச்ச உடம்பைப் பத்திப் பேச்சே இல்லை.

திருச்சபைக்கும் இதே கதைதான். இந்தியக் கிறித்தவர்களில் பெரும்பகுதி தலித்துகள். ஆனால் ஒரு தலித் கர்தினால் ஆவதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோமாபுரி இருக்கட்டும். உங்க சபையில தலை யாரு? சனங்க உங்களை 'அய்யரே'ன்னு கூப்பிடும்போது உள்ளுக்குள்ள குளிர்ந்தால், அங்கேயும் வெட்டி ஒட்டின தலைதான்.

நாலு காரியம் சொல்றேன்.

முதலாவது, சோறு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, நம்ம 'பறட்டை', பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதையே இறையியலாகப் பேசினார். நீங்க வீடு சந்திக்கப் போனால் சோடா வாங்கிவரச் சொல்லாதீங்க. கூழ் இருந்தால் கூழ் குடிங்க. அருந்ததியர் தெருவிலும் குடிங்க. நமக்குள்ளேயே தெருப் பிரித்துவிட்டு, ஊர்க்காரனைக் கேள்வி கேட்க நமக்கு வாய் கிடையாது.

இரண்டாவது, கணக்கு. காணிக்கைப் பையில் விழுவது கூலிக்காசு. மாதக் கடைசி ஞாயிறு வரவு செலவை உரக்க வாசிக்கச் செய்யுங்க. வாசிக்கிறது கூலி வேலைக்குப் போற ஒரு பெண்ணாக இருக்கட்டும். கேள்வி கேட்டவரை 'விசுவாசம் குறைஞ்சவர்' என்று ஒதுக்காதீங்க. கோயிலில் கணக்குக் கேட்டுப் பழகின சனம் நாளைக்கு ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் கேட்கும்.

மூன்றாவது, சர்டிபிகேட். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர் வெளியிலேயே நிற்கிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்பட்டோர் பட்டியலில். சாதியைச் சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று ஒரு போதகர் கொடுத்த வழக்கில், கிறித்தவராகிவிட்டவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று 2025இல் ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னது. நாளைக்கு அந்த அடி உங்க மேலேயும் விழலாம். ஆகவே ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே இந்தச் சட்டத்தை விளக்கிச் சொல்லிடுங்க. தெரிஞ்சு எடுக்கிற முடிவுதான் முடிவு. பேப்பர்ல ஒரு பேரும் கோயிலில் ஒரு பேருமாக வாழற குடும்பத்தைப் பிரசங்கத்தில 'வேஷக்காரன்'னு திட்டாதீங்க. வேஷம் போட வச்சது அந்த ஆணை. திட்டறதா இருந்தா அதைத் திட்டுங்க. அதை மாத்தற போராட்டத்துக்குச் சபையோடு போங்க.

நான்காவது, தெரு. 1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள் மேல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை. பேரைப் பார்த்தாலே தெரியும், ஒரே சேரிச் சனத்துக்குள்ள இரண்டு சாமி. தோட்டா மதம் கேட்கவில்லை. நீங்க மட்டும் ஏன் கேட்கணும்? ஏழுமலை வீட்டுச் சாவுக்குப் போகாத போதகர், ஜான் தாமஸ் வீட்டுச் சாவில் செய்யும் ஜெபத்தில் உசுரு இருக்காது. மனு எழுதுவது, தாலுகா ஆபீசுக்கு நடப்பது, மயானப் பாதை கேட்பது எல்லாம் முழுச் சேரிக்குமான ஊழியம்.

உங்களுக்கு ஒரு நாள் மாற்றல் வரும். நீங்க போன பிறகும் கணக்கு வாசிக்க, மனு எழுத, ஆபீசரை நிமிர்ந்து பார்த்துக் கேட்க அஞ்சு பேர் அங்கே இருந்தால், நீங்க ஊழியம் செஞ்சிருக்கீங்க. பஸ் ஏத்திவிட்டு அழுவதற்கு மட்டும் ஆள் இருந்தால், மந்தை மேய்ச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.