கையைக் கழுவச் சொல்வது ஏன்?
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"சாப்பிடும் முன் கையைக் கழுவு" என்று தினமும் சொல்கிறோம். "ஏன் சார்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்பதற்குத்தானே பள்ளிக்கூடம்!

நம் குடலில் ஈ. கோலை என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. 1885இல் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இதில் பல வகைகள் கெடுதல் செய்வதில்லை. சில வகைகள் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். நல்ல தீனியும் உடற்சூடும் கிடைத்தால், 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும்.

இவ்வளவு வேகம் எப்படி வந்தது? வளர்வதற்குப் புரதம் வேண்டும். அதைக் கட்டுவது ரைபோசோம் என்ற மிகச் சிறிய பட்டறை. வேகமாக வளரும்போது ஒரு பட்டறை ஒரு விநாடியில் ஏறக்குறைய 20 அமினோ அமிலங்களைக் கோர்க்கும். அதற்குமேல் விரட்டிப் பயனில்லை. பால்மரம் சீவுகிறவர்களைக் கேளுங்கள்: ஓர் ஆள் ஒரு நாளைக்கு இத்தனை மரம்தான் சீவ முடியும். பால் கூட வேண்டுமா, ஆள் கூட வேண்டும்!

கிருமியும் அப்படித்தான். 1958இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், நல்ல தீனியில் வேகமாக வளரும் கிருமி உருவத்திலும் பெரிது, அதில் ஆர்.என்.ஏ.யும் அதிகம் என்று காட்டினார்கள். ரைபோசோமில் பெரும்பங்கு ஆர்.என்.ஏ.தான். ஆகவே தீனி கூடினால் பட்டறை கூடும். பட்டறை கூடினால் வளர்ச்சி கூடும். மெதுவாக வளரும்போது சில ஆயிரம் பட்டறைகள். வேகமாக வளரும்போது பல பத்தாயிரம். தீனி இல்லாத காலத்திலும் சில பட்டறைகளைச் சும்மா வைத்துக்கொண்டு அது காத்திருக்கும்.

எதற்குக் காத்திருக்கிறது? நம் சோற்றுக்குத்தான்! கக்கூசுக்குப் போய்விட்டுக் கழுவாத கையால் விடியற்காலையில் சோறு கட்டுகிறோம். மாணவர்களே, கணக்குப் போடுங்கள். ஒரு கிருமி ஒரு மணி நேரத்தில் 8, இரண்டில் 64, மூன்றில் 512, நான்கில் 4,096! பொட்டலத்துக்குள் வேகம் சற்றுக் குறையலாம். ஆனாலும் பெருகும் விதம் இதுதான்.

பெற்றோர்களே, கிருமிக்குத் தீனியும் நேரமும் கொடுக்காதீங்க. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க. தண்ணீரைக் கொதிக்க வையுங்க. ஆக்கிய சோற்றைச் சூடு ஆறுமுன் சாப்பிடுங்க. வயிற்றுப்போக்கில் படுத்த பிள்ளைக்குப் பாடம் போகும். சின்னஞ்சிறு குழந்தைக்கு உயிரே போகலாம்.

பரிசு பெறும் செல்வங்களே, இன்று வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லிக் காட்டுங்கள்.