பட்டம் பறக்கிறது, நூல் யார் கையில்?

(அமெரிக்காவில், டல்லாஸ் நகர்த் தமிழர்கள் முன்னிலையில் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்பட்ட பட்டிமன்றம். தலைப்பு: கிரெடிட் கார்டில் செலவழித்து விமானப் பட்டம் பெறுவது சாமர்த்தியமா, ஏமாளித்தனமா? ‘ஏமாளித்தனமே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

எங்கள் வாதத்துக்கு வலு சேர்ப்பதற்காகவே பேசிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிஞ்ச பட்டம் ரெண்டுதான். ஒண்ணு, பல்கலைக்கழகம் கொடுக்கிற பட்டம். அதுக்கு ஆறு வருஷம் ஆய்வேடு எழுதி, தலைமுடியைக் கொடுத்தேன். (சிரிப்பு) இன்னொண்ணு, மொட்டைமாடியில பையன்கள் விடற பட்டம். மூணாவதா ஒரு பட்டம் இருக்குன்னு இந்த ஊருக்கு வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். கோல்டு, பிளாட்டினம், டயமண்ட்! நகைக்கடை விளம்பரம்னு நினைச்சேன். ‘இல்லைப்பா, இது ஏரோப்ளேன்ல கொடுக்கிற மரியாதை’ன்னான் என் மகன். ‘நீ என்ன ஏரோப்ளேன் ஓட்டறியா?’ன்னு கேட்டேன். ‘இல்லைப்பா, கார்டு தேய்க்கிறேன்’னான். (சிரிப்பு)

பழந்தமிழ் நாட்டிலும் பட்டம் கொடுத்தார்கள் ஐயா. படைத்தலைவனுக்கு ‘ஏனாதி’ என்று பட்டம், கூடவே ஒரு மோதிரம். வணிகனுக்கு ‘எட்டி’ என்று பட்டம், கூடவே ஒரு பொற்பூ. ஏனாதி போரில் நின்றான். எட்டி கடல் கடந்து வாணிகம் செய்தான். இன்றைக்கு? மளிகைக் கடையில் கத்தரிக்காய் வாங்கினாலே பட்டம்! அன்றைக்கு எட்டிப் பட்டம். இன்றைக்கு எட்டி எட்டிப் பிடிக்கிற பட்டம். முடிவில் பார்த்தால் எட்டிக்காயாய்க் கசக்கிற பட்டம்! (கைதட்டல்)

இதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1981 மே மாதம் 1ஆம் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறக்கிறவர் அடுத்த கம்பெனிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அதில் தப்பில்லை. நம்ம ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சி, வாடிக்கைக்காரர் பிள்ளை கையில ஒரு துண்டு வெல்லம் வைப்பாரே, அந்த மாதிரிதான். 1987இல் சிட்டிபேங்க்கோடு சேர்ந்து கார்டு வந்தது. பறக்காதபோதும் மைல் சேர்ந்தது. பிறகு 2022இல் ஒரு புதுக் கணக்கு வந்தது பாருங்கள், அதுதான் உச்சம். பட்டத்துக்கு இனிமேல் எத்தனை மைல் பறந்தாய் என்று கேட்கவில்லை. எத்தனை பாயிண்ட் என்று கேட்டார்கள். அவர்கள் கார்டில் ஒரு டாலர் செலவு, ஒரு பாயிண்ட். கோல்டுக்கு இன்றைக்கு 40,000 பாயிண்ட். உச்சிப் பட்டத்துக்கு 2,00,000 பாயிண்ட். அதாவது, ஒரு தடவைகூடப் பறக்காமலே ஒருவர் ‘அடிக்கடி பறக்கிறவர்’ ஆகிவிடலாம்! தண்ணீரிலே இறங்காமலே நீச்சல் வீரர்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தம்பி ஒரு கதை சொன்னார். 1999இல் கலிபோர்னியாவில் ஒரு இன்ஜினியர் 12,150 கப் புட்டிங் வாங்கி, சுமார் 3,140 டாலர் செலவில் பன்னிரண்டரை லட்சம் மைல் சேர்த்து, வாழ்நாள் முழுவதுக்கும் கோல்டு பட்டம் வாங்கிவிட்டார் என்று. உண்மைதான். வெட்டி எடுக்க வேண்டிய சீட்டுகளை ஒரு தர்ம ஸ்தாபனத்தாரிடம் கொடுத்து உரிக்கச் சொல்லி, புட்டிங்கை அவர்களுக்கே தானமாகவும் கொடுத்து, அதற்கு வருமான வரிச் சலுகையும் வாங்கினார் அவர்! நான் அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் தம்பி, அது ஒரே ஒரு சலுகைக் காலத்தில், ஒரே ஒரு ஆள் கண்டுபிடித்த ஓட்டை. ஓட்டையைப் பார்த்து வீடு கட்ட முடியுமா?

இன்னொரு ஓட்டையையும் நானே சொல்கிறேன். 2008இல் அமெரிக்க அரசாங்க நாணயச் சாலை, ஒரு டாலர் நாணயம் புழங்கட்டும் என்று, கார்டில் வாங்கினால் முகமதிப்புக்கே வீட்டுக்கு அனுப்பி வைத்தது. தபால் செலவும் இல்லை. நம்ம புத்திசாலிகள் என்ன பண்ணினார்கள்? மூட்டை மூட்டையாய் வாங்கி, பிரிக்காமல் அப்படியே பேங்கில் கட்டி, கார்டு பாக்கியை அடைத்து, மைலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்! காசு கொடுத்துக் காசு வாங்கின ஒரே கூட்டம். (சிரிப்பு) 2011 ஜூலையில் அரசாங்கம் கார்டையே மூடிவிட்டது. ஓட்டை என்பது அடைபடும் ஐயா. அடைக்கிற மண் அவர்கள் கையில் இருக்கிறது.

2023 செப்டம்பரில் டெல்டா கம்பெனி பட்டத்துக்கான விதிகளை மாற்றியது. உச்சிப் பட்டத்துக்கு 35,000 என்று கோடு போட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். கம்பெனித் தலைவரே, கொஞ்சம் மிஞ்சிப் போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டு, அக்டோபரில் 28,000 என்று இறக்கினார். எதிரணியார் இதை வெற்றி என்பார்கள். நான் கேட்கிறேன்: ஆட்டம் நடக்கிறபோதே கோலை நகர்த்துகிறவனிடம், இவ்வளவு தூரம் நகர்த்தாதே என்று கெஞ்சுவது சாமர்த்தியமா? (கைதட்டல்)

சரி, இதில் லாபம் யாருக்கு? பேங்க்காரர்கள் ஏர்லைன்ஸிடமிருந்து மைலை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்; அதைத்தான் நமக்குக் கொடுக்கிறார்கள். 2023இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனியிடமிருந்து டெல்டாவுக்கு வந்த தொகை 680 கோடி டாலர்! கொரோனாக் காலத்தில் வானமே காலியாகக் கிடந்ததே, அதற்கப்புறம் 2021இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1,000 கோடி டாலர் திரட்டியது. எதை ஈடு வைத்து? இந்தப் பாயிண்ட் திட்டத்தை! வீட்டில் கஷ்டம் வந்தால் நாம் தாலிக்கொடியை அடகு வைப்போம். அவர்கள் நம்மையே அடகு வைத்தார்கள் ஐயா! (நீண்ட கைதட்டல்)

எதிரணிச் சகோதரி நல்ல கேள்வி கேட்டார்கள். ‘எப்படியும் அரிசி, பருப்பு, பெட்ரோல் வாங்கத்தான் போறோம். மாசாமாசம் பாக்கி வைக்காமக் கட்டிடறோம். கூட ஒரு மரியாதை வந்தா உங்களுக்கு என்ன வலிக்குது?’ ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஒரு காசு பாக்கி வைக்காமல், ஒரு காசு கூடுதலாகச் செலவழிக்காமல் இருக்கிறவருக்கு அது சாமர்த்தியம்தான். ஆனால் அவர்களும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு ரெண்டு டாலர் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கிற கார்டுகள் இதே ஊரில் இருக்கின்றன. 40,000 டாலருக்கு 800 டாலர் கையில். அதை விட்டுவிட்டு மைல் வாங்குகிறீர்கள். 800 டாலர் நாளைக்கும் 800 டாலர்தான். உங்கள் மைலுக்கு நாளைக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியாது. விலை வைக்கிறவன் வேறு ஆள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு கட்டணம் கட்டுகிறார். அதை அவர் சாமான் விலையில்தான் ஏற்றுவார். கார்டே இல்லாமல், கசங்கின நோட்டை எண்ணிக் கொடுக்கிற ஏழைக் கிழவியும் அதே விலையைத்தான் கொடுக்கிறாள். 2010இல் பாஸ்டன் மத்திய வங்கி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் கொடுக்கிற சராசரிக் குடும்பம் வருஷத்துக்கு 149 டாலர் இழக்கிறது. கார்டு தேய்க்கிற சராசரிக் குடும்பத்துக்கு 1,133 டாலர் சேருகிறது. நீங்கள் முன்வரிசையில் ஏறுகிறீர்கள். படிக்கட்டாகக் கிடப்பது யார் முதுகு? (அமைதி, பிறகு கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்கிறீர்கள். இன்னும் ரெண்டு நிமிஷம். என் வீட்டுக் கதை ஒன்று. மகனும் மருமகளும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதல் தடவை வந்தபோது, ஓட்டலில் எட்டு பேர் சாப்பிட்டோம். பில் வந்ததும் என் மகன் பாய்ந்து எடுத்துக்கிட்டான். ‘யாரும் தொடாதீங்க!’ எனக்குப் பெருமை தாங்கலை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி என் வயித்துல பிறந்திருக்கான்னு பூரிச்சுப் போனேன். வெளியில வந்தா, எல்லார் போனும் டிங் டிங்குனு அடிக்குது. பாரி தலைக்கு நாற்பது டாலர் வசூல் பண்றான்! (பலத்த சிரிப்பு) ‘காசு அவங்களோடது, பாயிண்ட் நம்மளோடதுப்பா’ன்னான்.

அது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படியில்லை. வருஷக் கணக்கு முடியப்போற வாரம். பட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் பாயிண்ட் குறையுது. நல்லா ஓடிக்கிட்டிருந்த டி.வி.யை மாத்தினான். சோபாவை மாத்தினான். எந்தக் கம்பெனிப் பட்டம்னு கேட்காதீங்க. குத்தம் கம்பெனிமேல இல்லை, ஆசைமேல. பட்டம் வந்தது. கூடவே 6,000 டாலர் பாக்கியும் வந்தது. அடுத்த முறை நான் வந்தப்போ, மருமகள் ஒரு காகிதத்தை நீட்டினா. ‘மாமா, நீங்களே பாருங்க.’ நூத்துக்கு 24 வட்டி. மாசம் 120 டாலர். வருஷத்துக்கு 1,440 டாலர் வட்டி. அந்த வருஷம் அவங்க பறந்ததே ரெண்டு தடவை. பட்டத்தால மிச்சமானது பெட்டிக் கட்டணம், போக வர நாலு தடவை, 160 டாலர். நான் கணக்கு வாத்தியார் இல்லை ஐயா, தமிழ் வாத்தியார். எனக்கே புரியுது!

அந்தக் கடனை அடைக்கிறதுக்காக அந்த வருஷம் ஊருக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. எங்க அம்மாவுக்கு 83 வயசு. கொள்ளுப்பேத்தியைப் போன்லதான் பார்த்திருக்காங்க. பொங்கலன்னைக்கு என்னைக் கேட்டாங்க: ‘ஏன்டா, அவன்தான் ஏரோப்ளேன்ல பெரிய ஆளாயிட்டானாமே, அப்புறம் ஏன்டா வரலை?’

(அமைதி)

என்ன பதில் சொல்றது ஐயா? ஏறுறதுக்குப் பட்டம் இருக்கு, டிக்கெட்டுக்குக் காசு இல்லைன்னா சொல்றது?

என் பையன் தனி ஆள் இல்லை. 2023இல் இந்த நாட்டுக் கிரெடிட் கார்டுக் கடன் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அதில் எத்தனை வீட்டில் எத்தனை பாட்டிகள் இப்படிக் கேட்டிருப்பார்கள்!

சங்கப் புலவர் மோசிகீரனார், களைத்துப்போய் அரண்மனைக்குள் வந்தார். முரசை நீராட்டக் கொண்டு போயிருந்தார்கள். வெறும் முரசு கட்டில், மெத்தென்று பூ விரித்திருந்தது. ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். அதில் படுத்தால் தண்டனை வாள்வெட்டு. வந்து பார்த்தான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. வாளை எடுக்கவில்லை, கவரியை எடுத்து வீசினான்! புறநானூற்றின் 50ஆவது பாட்டு சாட்சி. எத்தனை பாயிண்ட் வைத்திருந்தார் மோசிகீரனார்? தமிழ் வைத்திருந்தார்! அந்த மரியாதை ரெண்டாயிரம் வருஷமாய் நிற்கிறது. உங்கள் பாயிண்ட் கணக்கு வருஷா வருஷம் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. வருஷா வருஷம் மறுபடி நிரூபிக்க வேண்டியது மரியாதையா ஐயா? அது பரீட்சை! (கைதட்டல்)

கதையை முடிக்கிறேன். மகன் கடனை அடைச்சான். அடுத்த பொங்கலுக்கு மூணு பேரும் வந்தாங்க. பட்டம் போயிடுச்சு. கடைசியா ஏறி, கடைசி வரிசையில, பாத்ரூம் பக்கத்துல உட்கார்ந்து வந்தாங்க. மதுரை வீட்டு வாசல்ல எங்க அம்மா, நடுங்கற கையில ஆரத்தித் தட்டோட நின்னாங்க. கொள்ளுப்பேத்தி நெத்தியில பொட்டு வச்சாங்க. எந்த வரிசையில ஏறி வந்தேன்னு யாரும் கேட்கலை. (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே! பட்டம் உயரே பறக்கிறது என்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நூல் யார் கையில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். நூல் அவர்கள் கையில்; அறுபடுவது நம் விரல். ஆகவே, கார்டு தேய்த்துப் பட்டம் வாங்குவது ஏமாளித்தனமே, ஏமாளித்தனமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.