ஒன்பதாம் நம்பர் ஜெர்சி யாருக்கு?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ல் மெக்கானிக்கல் முடித்தவன். 'தொழில்துறையில் என் அனுபவம்' என்று பேசச் சொன்னார்கள். கால்பந்து பேசட்டுமா என்று கேட்டேன். செயலாளர் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிரிக்கெட்னா கூட்டம் உட்காரும்பா" என்றார். பிறகு பெரிய மனசு பண்ணி, "சரி, பத்து நிமிஷம்" என்றார். கடைசியில் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன் என்பதை அப்போது அவரிடம் சொல்லவில்லை. மன்னிக்கணும் அண்ணே.

2025 மார்ச் 19. ஷில்லாங்கில் இந்தியாவும் மாலத்தீவும் ஆடின. இந்தியா 3-0 என்று ஜெயித்தது. மூன்றில் ஒரு கோல் சுனில் சேத்ரி தலையால் முட்டியது. அப்போது அவருக்கு வயசு 40. ஒன்பது மாசத்துக்கு முன்னால், 2024 ஜூன் 6-ம் தேதி, கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு, கண்ணீரோடு ஓய்வு பெற்றவர். நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதேன். என் மனைவி சாட்சி. அதே மனுஷனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் ஒரே சண்டை: "இளைஞர்களுக்கு வழி விடக்கூடாதா? பயிற்சியாளருக்குக் கண் இல்லையா?"

நானும் அப்படித்தான் முதலில் கத்தினேன். அப்புறம் கணக்கைப் பார்த்தேன். அந்த 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் அதிக கோல் போட்ட இந்தியர் யார்? இதே சேத்ரிதான், 14 கோல். நாற்பது வயசுக்காரரை முந்த நாட்டில் ஒரு இளைஞன் இல்லை. அப்படியென்றால் அந்தப் பயிற்சியாளர் யாரைத்தான் எடுப்பார், சொல்லுங்கள்?

தேர்வைப் பற்றித்தான் நாம் ஓயாமல் பேசுகிறோம். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என்று மூன்று மேட்ச். மூன்றும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை அனுப்பினார்கள். மனோலோ மார்க்கஸ் வந்தார், 2025 ஜூலையில் போனார். ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். பதினாலு மாசத்தில் மூன்று பேர். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் போனது. நடுவில், வீரர் பட்டியல் ஒரு ஜோசியர் கைக்குப் போனதாகக்கூட 2023-ல் ஒரு ஆங்கில நாளிதழில் செய்தி வந்தது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் சிரிக்கக் கூடாது, இருந்தாலும் சிரித்தேன்.

2023 ஆசிய விளையாட்டு இன்னும் வேடிக்கை. பயிற்சியாளர் கேட்ட ஆட்களைக் கிளப்புகள் விடவில்லை. யாரை விட்டார்களோ அவர்களைச் சேர்த்துக்கொண்டு முதல் நாள் சீனாவில் இறங்கி, அடுத்த நாள் சீனாவோடு ஆடினார்கள். 1-5. இதற்குப் பெயர் தேர்வா? மிச்சம் மீதியை வைத்துச் சமைப்பது.

இந்த இடத்தில் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். ஷாஃப்ட் ஓடி வரும், நான் அளந்து பார்ப்பேன், சரியில்லாததை ஒதுக்குவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் எவ்வளவு கண்டிப்பாக அளக்கிறேனோ அவ்வளவு நல்ல ஷாஃப்ட் போகும் என்று நினைத்தேன். ஒரு பழைய லேத் செட்டர் இருந்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "சார், நீங்க மைக்ரோமீட்டரை எவ்வளவு இறுக்கினாலும் ஷாஃப்ட் நல்லா ஆகாது. அது மிஷின்லயே ஆயிட்டு வரணும்" என்றார். நாலு வருஷம் இந்தக் கல்லூரியில் படித்து எனக்கு ஏறாதது அந்த டீக்கடையில் ஏறியது. (பேராசிரியர்கள் மன்னிக்கவும்.)

தேசிய அணிப் பயிற்சியாளர் என்பவர் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். அவர் அளக்கலாம், ஒதுக்கலாம். உண்டாக்க முடியாது. 2025 நவம்பரில், ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ் இந்தியக் குடியுரிமை வாங்கினார். நல்ல ஆட்டக்காரர், வரட்டும், சந்தோஷம். ஆனால் அது வெளியில் வாங்கும் பாகம். நம் மிஷின் ஓடுகிறதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மற்ற இடத்துக்கு ஓரளவு ஆள் வருகிறார்கள். கோல்கீப்பர் இருக்கிறார், டிஃபென்ஸ் இருக்கிறது, ஓரத்தில் ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள். நம் சென்னை நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட கோலைப் பார்த்தீர்களா? பார்க்காதவர்கள் இன்றைக்கு ராத்திரி தேடிப் பாருங்கள். அவரும் ஓரத்துக்காரர்தான். நட்ட நடுவில் நின்று கோல் போடுகிற ஒன்பதாம் நம்பர்தான் இல்லை. காரணம் ரகசியமில்லை. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2021-22 முதல் நான்கு பேர். அந்த நாலு இடத்தில் ஒன்றை எந்தக் கிளப்பும் முதலில் ஸ்ட்ரைக்கருக்குத்தான் கொடுக்கும். காசு போடுகிறவன் கோலுக்குத்தானே போடுவான்! பெங்களூரு அணியில் மிக்கு இருந்த காலத்தில் சேத்ரியே ஓரத்துக்குப் போய் ஆடினார். காரைக்குடிப் பக்கம் கண்டனூரிலிருந்து போன சிவசக்தி நாராயணன் 2022 டூரண்ட் இறுதி ஆட்டத்தில் கோல் போட்டார், 2022-23 ஐ.எஸ்.எல்.-லில் வளர்ந்துவரும் வீரர் விருதும் வாங்கினார். அந்த மாதிரிப் பையனுக்கு அதன்பிறகு வாராவாரம் தொண்ணூறு நிமிஷம் வேண்டும். தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கர் கற்றுக்கொள்வான். ஐந்தாவது வாய்ப்பைத் தவறவிட்டவனை ஆறாவதுக்கு நிறுத்தி வைக்கிற பொறுமை கிளப்புக்கு இல்லை.

பெரிய லீக்கைத் திருத்த என்னால் ஆகாது. 2025 செப்டம்பரில் தொடங்க வேண்டிய சீசன் அந்த வருஷம் தொடங்கவேயில்லை, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். நான் பேச வந்தது நம் ரயில் பாதையைப் பற்றி.

வேப்பம்பட்டில் நாம் ஏறுகிற அதே லோக்கல்தான் வில்லிவாக்கம், பெரம்பூர் தாண்டி வியாசர்பாடி ஜீவா வழியாக சென்ட்ரல் போகிறது. வியாசர்பாடியை 'மினி பிரேசில்' என்கிறார்கள். இந்தியாவுக்கு ஆடிய தன்பால் கணேஷ் அங்கே வளர்ந்தவர். வழியில் ஐ.சி.எஃப். இருக்கிறது. ஒரு காலத்தில் ரயில்வே, இந்தியன் பேங்க் என்று பந்து ஆடினால் வேலை உண்டு. சபீர் பாஷா இந்தியன் பேங்குக்கு ஆடி இந்திய அணிக்குப் போனவர். ஒலிம்பிக்கில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல், 1960 ரோமில் பெருவுக்கு எதிராகப் போட்டது, தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ் காலிலிருந்து வந்தது. அந்தக் கோலுக்கு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"நம்ம ஊர்ல என்னப்பா ஆகும்" என்று கேட்பீர்கள். ஐஸ்லாந்து என்று ஒரு நாடு. 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு 1-1. அன்றைக்கு மெஸ்ஸியின் பெனால்டியைப் பிடித்த கோல்கீப்பர் சினிமா எடுப்பவர், பயிற்சியாளர் பல் டாக்டர். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை அப்போது ஏறக்குறைய மூன்றரை லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் ஆவடி நகராட்சியின் ஜனத்தொகையும் கிட்டத்தட்ட அதுவேதான்! பனியில் ஆட முடியாதென்று ஊர் ஊராக உள்ளரங்க மைதானம் கட்டினார்கள். ஆறு வயசுக் குழந்தைக்கும் முறையாகத் தேர்ச்சி பெற்று, சம்பளம் வாங்குகிற பயிற்சியாளரைக் கொடுத்தார்கள். நமக்குப் பனியில்லை. இருக்கிற காலி மனையெல்லாம் கல் நட்டு, கம்பி வேலி போட்டு 'விற்பனைக்கு' என்று போர்டு மாட்டியாகிவிட்டது. நாங்கள் படித்த காலத்தில் ஸ்டேஷனிலிருந்து கல்லூரி வரும் வழியில் மூன்று இடத்தில் பந்து உருளும். இன்றைக்குக் காலையில் எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்றுகூட இல்லை.

நான் இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பக்கத்துப் பையன்கள் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு பந்து உதைக்கிறேன். எனக்கு லைசென்ஸ் கிடையாது, கல்லூரி அணியில் ரைட் பேக் ஆடிய தகுதிதான். அதில் ஒரு பையன், பதிமூன்று வயசு, இடதுகால்காரன். பேர் வேண்டாம். பந்து வருவதற்கு முன்னாலேயே கோல்கீப்பர் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்ப்பான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லிக் கொடுக்கவும் முடியாது. போன வருஷம் முழுக்க அவன் ஆடிய உருப்படியான மேட்ச், ரெஃப்ரி வைத்து, கோல் போஸ்ட்டுக்கு வலை கட்டி ஆடியது, மொத்தம் ஆறு. அதில் இரண்டு மழையில் பாதியில் நின்றது.

அவன் அம்மா ஒருநாள் வந்தார். பையன் ஒன்பதாவது போகிறான். "சார், அடுத்த வருஷம் டென்த்து. டியூஷன் ஞாயித்துக்கிழமைதான் வெக்கிறாங்க. இவன் பந்து ஆடி எங்க போவான்? நீங்க இன்ஜினியரு, நீங்களே சொல்லுங்க, நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆறு மேட்ச்சை வைத்து அவன் ஸ்ட்ரைக்கர் ஆவான் என்று சொல்லவா? என் பையனாக இருந்தால் நான் டியூஷனுக்குத்தான் அனுப்பியிருப்பேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு மாசம் டைம் கொடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு மாசத்தில் இன்றோடு பதினெட்டு நாள் போய்விட்டது.

இப்போது கோரிக்கை. மதியம் நடக்கும் பொதுக்குழுவில், சங்கத்தின் நிதியில் கல்லூரி வாசலில் அலங்கார வளைவு கட்டுவது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. வளைவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை, ஒரு வருஷம் தள்ளிப் போடலாமா என்று கேட்கிறேன். நம் மைதானம் ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கிறது. திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, புட்லூர், பட்டாபிராம் என்று இந்தப் பாதையில் எட்டு அணி சேரும். பள்ளிகளில் கேட்டுப் பார்த்துவிட்டேன், ஐந்து பள்ளி சரி என்றார்கள். பதினாலு வயசுக்குக் கீழே ஒரு லீக். ஒவ்வொரு அணிக்கும் உள்ளூரிலும் வெளியூரிலும் சேர்த்துப் பதினாலு மேட்ச். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிட்டால் டியூஷனுக்கும் போகலாம். ரெஃப்ரிக்குப் படி, பந்து, வலை, சுண்ணாம்பு, முதலுதவி, லைசென்ஸ் உள்ள ஒரு பயிற்சியாளருக்கு மாசச் சம்பளம் எல்லாம் சேர்த்து என் கணக்கில் வருஷத்துக்கு மூன்று லட்சத்துக்குள் வருகிறது. கணக்குத் தாளை மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிவில் அண்ணன்மார்கள் வழக்கம்போல் குறை கண்டுபிடிக்கலாம்.

முதல்வர் ஐயா மைதானத்தைத் தருவதாக நேற்றே சொல்லிவிட்டார். சாவி செக்யூரிட்டி அண்ணனிடம் இருக்கிறது. பொதுக்குழு இரண்டரை மணிக்கு. தயவுசெய்து பிரியாணி சாப்பிட்டதும் லோக்கல் பிடிக்க ஓடிவிடாதீர்கள், கை தூக்க ஆள் வேணும். பன்னிரண்டு நாள்தான் பாக்கி.