நாடுதோறும் நீதிமன்றம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாடகமும் கேட்டு மகிழ வந்த இடத்தில் நீதிமன்றத்தைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். கோர்ட்டுப் படி ஏறாமல் வாழ்ந்து முடிப்பதே பெரும்பேறு என்று கருதும் குடும்பங்களிலே பிறந்தவர்கள் நாம். ஆயினும், ஊர் விட்டு ஊர் வந்து வாழ்பவர்களுக்கு இப்பொருள் ஒதுக்கத்தக்கதன்று. சிலப்பதிகாரத்துக் கோவலனை நினைத்துப் பாருங்கள். புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்தவன் அவன். பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்ட அரசன், கோவலன் சொல்வதைக் கேளாமலே தண்டித்துவிட்டான். கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் போன உயிர் திரும்பவில்லை. இரு தரப்பையும் கேட்ட பின்னரே தீர்ப்பளிக்க வேண்டும் என்ற முதல் நெறியை அக்கதை நமக்கு உணர்த்துகிறது. அந்நெறியைக் காக்க ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியை வகுத்திருக்கிறது.

முதலில், நாம் வாழும் ஐதராபாத்தையே எடுத்துக்கொள்வோம். மூசி ஆற்றங்கரையில் விளங்கும் உயர்நீதிமன்றக் கட்டடம் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் ஆட்சியில் எழுந்து, 1920-இல் திறக்கப்பெற்றது. வரி தண்டும் அதிகாரியே வழக்கையும் தீர்க்கும் முறையை விடுத்து, நீதித்துறையை நிர்வாகத்தினின்றும் பிரிக்க 1921-இலேயே இவ்வரசு ஆணையிட்டது. அக்காலத்தில் இங்கு நீதிமன்ற மொழி உருது. சென்னை உயர்நீதிமன்றமோ 1862-இல் தொடங்கிய நாள் முதல் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் ஒரு வியப்பு: வக்கீல், முன்சீப், ஜாமீன், வாய்தா, தாவா, அமீனா, ரத்து என்று தஞ்சையிலும் நெல்லையிலும் நம் பாட்டனார் வழங்கிய சொற்களெல்லாம் பாரசீக, அரபு மொழிகளினின்றும் வந்தவை. உருது அறியாமல் இந்நகருக்கு வந்த தமிழர்க்கும் இங்குள்ள நீதிமன்றச் சொற்களிற் பாதி முன்னமே தெரிந்திருந்தன!

தமிழரின் சட்டமும் ஒன்றாய் இருந்ததில்லை. சென்னையில் ஆங்கிலேயர் முறை: இரு தரப்பு வழக்கறிஞரும் வாதாட, நீதிபதி நடுவில் அமர்ந்து கேட்பார், மேல் நீதிமன்றத்தின் முன்னைத் தீர்ப்பு பின்னை வழக்குக்கு வழிகாட்டும். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தொகுத்து எழுதிய சட்ட நூலே தலைமை பெற்றது. பெருங்குற்றங்களில் நீதிபதி ஒருவரே சான்று தேடித் திரட்டுவது பிரெஞ்சு முறை. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பின்னரும், அங்குள்ள சில தமிழ்க் குடும்பங்களுக்குத் திருமணம், சொத்துரிமை ஆகியவற்றில் பிரெஞ்சுச் சட்டமே பொருந்துகிறது. யாழ்ப்பாணத்திலோ, டச்சுக்காரர் 1707-இல் எழுத்தில் தொகுத்த தேசவழமை இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி மணமான பெண் தன் நிலத்தை விற்கவும் கணவனின் இசைவு வேண்டும். பழமை என்பதனாலேயே ஒரு வழக்கம் நியாயமாகிவிடாது என்பதை இங்குள்ள தாய்மார்கள் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பொதுமக்களே குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு கூறும் ஜூரி முறை இங்கிலாந்தில் இன்றும் உள்ளது. நம் நாட்டிலும் இருந்தது. 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் ஜூரியின் முடிவை நீதிபதி ஏற்கவில்லை. உயர்நீதிமன்றம் தண்டனை விதித்தது. பின்னர், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அம்முறைக்கு இடம் தரவில்லை. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூர் 1969-இலும் மலேசியா 1995-இலும் ஜூரியை நீக்கின. ஒரே வேரிலிருந்து கிளைத்த நாடுகளும் தத்தம் பட்டறிவுக்கேற்ப மாறுகின்றன என்பதற்கு இதுவே சான்று.

இனி, இந்நகரிற் பிறந்து இலண்டனில் முடிந்த வழக்கொன்றைச் சொல்வோம். 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த நாட்களில், நிஜாம் அரசின் பணம் பத்து இலட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம் பவுன், இலண்டனில் பாகிஸ்தான் தூதரின் வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டது. தம் ஒப்புதலின்றி நடந்ததென்று கூறி நிஜாம் அதைத் திருப்பிக் கேட்டார்; வங்கி தரவில்லை. 1954-இல் வழக்குத் தொடுத்தார். ஓர் அரசை அதன் இசைவின்றி வேறொரு நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த இயலாது என்னும் விதியால் 1957-இல் பிரபுக்கள் சபை அவ்வழக்கைத் தடுத்து நிறுத்தியது. பணம் யாருக்கு உரியது என்ற கேள்வி தீரவேயில்லை. 1967-இல் நிஜாம் மறைந்தார். 2013-இல் பாகிஸ்தானே உரிமை கோரி நீதிமன்றத்தை நாடியதும் பழைய தடை விலகியது. 2019 அக்டோபர் 2-ஆம் நாள், அப்பணம் இந்திய அரசுக்கும் நிஜாமின் பேரர் இருவருக்கும் உரியதென்று தீர்ப்பாயிற்று. அதற்குள் அது மூன்றரைக் கோடி பவுனாக வளர்ந்திருந்தது.

எழுபத்தோராண்டுகள்! இந்நாட்டு மன்னருக்கே, தம் வாழ்நாளில் தீர்ப்பைக் காணும் பேறு கிட்டவில்லை. ஆயினும், வேற்று நாட்டு நீதிமன்றமொன்று பழைய ஏடுகளைப் புரட்டி, மூன்று தரப்பையும் கேட்டுத் தீர்ப்புரைத்தது என்பதும் உண்மையே. தாமதம் கொடிது, கேளாமையோ அதனினும் கொடிது.

கேட்பதென்றால் புரிய வேண்டும். புரிய மொழி வேண்டும். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தது இக்கருத்தினால்தான். நம் உயர்நீதிமன்றங்கள் பெரும்பாலும் இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. 2019 முதல் உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் மாநில மொழிகளிலும் வெளிவருகின்றன. 2023-இல் தெலங்கானா உயர்நீதிமன்றம் தெலுங்கில் ஒரு தீர்ப்பளித்தது. இவை நல்ல தொடக்கங்கள்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் நடந்தால், அதை அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று நம் சட்டம் கூறுகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தைப் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வரும் எளியவர் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெலுங்கும் உருதும் அறிந்த நம் இளைஞர்கள் சிலர், மாதம் ஒரு ஞாயிறு சங்கக் கூடத்தில் அமர்ந்து, இத்தகையோரின் தாள்களைப் படித்துச் சொல்லவும், சட்ட உதவி மையத்துக்கு உடன் செல்லவும் முன்வரலாகாதா?

மதுரைக்கு வந்த கோவலனுக்காகப் பேச அன்று ஒருவரும் இல்லை. இந்நகருக்கு வரும் தமிழருக்கு அந்நிலை நேராதவாறு காப்பது நம் சங்கத்தின் கடமை.